கியூவைக் கழற்றினால் ஆட்டம் முடிந்தது: அரையிறுதித் தீர்ப்பு குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

நகர பூல் லீக்கின் அரையிறுதியில் நடந்ததை உறுப்பினர்களுக்கு மறுபடி விவரிக்கத் தேவையில்லை. பாதிப் பேர் அன்று அந்த ஹாலில் இருந்தார்கள். மீதிப் பேர் வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். கவனத்தைக் கலைக்கும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, லீக்கின் மேல்முறையீட்டுக் குழு ஆட்டத்தின் முடிவை அப்படியே விட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பைச் சங்கம் ஏற்கவில்லை. எவ்வளவு கடுமையாகச் சொல்வது என்பதில் செயற்குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஏற்க முடியாது என்பதில் இருக்கவில்லை.

இருந்தாலும் ஒரு விஷயத்தை இங்கே பதிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைசி ராக். இரண்டு பேருக்கும் ஒரு ராக் வென்றால் போதும். எட்டாம் பந்து மூலைப் பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. ஆட வேண்டியவர் குனிந்து, கியூவை இரண்டு முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டிய எதிராளி அதே பாக்கெட்டுக்கு நேர் பின்னால் நின்றபடி தன் கியூவின் மூட்டைத் திருகிக் கழற்றினார். ஒரு பாதியை உறைக்குள் சொருகினார். குனிந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், லேசாகச் சிரித்தார், மறுபடி குனிந்து அடித்தார். பந்து பாக்கெட்டின் இரு உதட்டிலும் மோதி வெளியே நின்றது. எதிராளி உறையிலிருந்து கியூவை எடுத்து மறுபடி பூட்டி, எட்டைப் போட்டுவிட்டு, கை கொடுத்தார்.

லீக்கின் நுழைவுப் படிவத்தில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் உலக பூல்-பில்லியர்ட் சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுவதாகவே கையெழுத்திடுகிறார்கள். ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது பற்றி அந்த விதிகள் தெளிவாகப் பேசுகின்றன. எதிராளி மேசையில் இருக்கும்போது, அவர் வென்றால் போட்டியே முடிந்துவிடும் என்ற ராக்கில் ஒருவர் தன் கியூவின் மூட்டைக் கழற்றினால், அவர் போட்டியை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளப்படும். எதிராளி மேசையில் இருந்தார். ராக் கடைசி ராக். மூட்டு கழன்றது. மூன்றும் வீடியோவில் இருக்கின்றன. அந்த விதி நோக்கத்தைக் கேட்பதே இல்லை. அவர் வழக்கமாக அப்படிச் செய்பவரா, பதற்றத்தில் செய்தாரா, உண்மையிலேயே தோற்றுவிட்டதாக நினைத்தாரா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. கழற்றிய நொடியில் போட்டி முடிந்தது. அதற்குப் பிறகு மேசையில் விழுந்த பந்தை வைத்து ஒருவரை இறுதிப் போட்டிக்கு அனுப்பியது எந்த விதியின் கீழ் என்று குழு இன்றுவரை சொல்லவில்லை.

இப்படி ஒரு விதி ஏன் வேண்டும் என்பது ஹாலில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இருமுவது, சாக்கைத் தட்டுவது, நாற்காலியை இழுப்பது எல்லாம் எதிரி செய்கிற வேலை, அதற்குப் பழகிக்கொள்ளலாம். கியூவைக் கழற்றுவது வேறு வகை. முடிந்துவிட்டது, நீதான் ஜெயித்தாய் என்று அது சொல்கிறது. கேட்பவரின் உடம்பு அதை நம்பிவிடுகிறது. பிடி தளர்கிறது, மனசு கை குலுக்கப் போய்விடுகிறது, கையில் இன்னும் ஒரு அடி மிச்சம் இருக்கிறது. அடிப்பதற்கு முன்பே “சூப்பர் கேம்” என்று கை நீட்டுவதும் இதே ரகம்தான். “தம்பி, இன்னைக்கு உன் ஸ்ட்ரோக் செம நேரா வருது, முழங்கையை மாத்திட்டியா?” என்று பாராட்டிவிட்டுப் போவதும் அப்படித்தான், அடுத்த மூன்று ராக்குக்கு அந்தத் தம்பி தன் முழங்கையையே பார்த்துக்கொண்டிருப்பான். மரியாதையின் வடிவத்தில் வருவதால் இவற்றைப் பற்றிப் புகார் செய்பவர்தான் சின்னத்தனமானவராகத் தெரிகிறார். சங்கத்துக்கு மிகுந்த கோபத்தைத் தருவது இதுதான்.

நோக்கம் என்ற சொல் வேறொரு விதியில் வருகிறது. விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தை என்ற தலைப்பின் கீழ், வேண்டுமென்றே செய்யப்படும் செயல்களின் பட்டியலில், எதிராளியின் கவனத்தைக் கலைப்பது இருக்கிறது. எச்சரிக்கையில் தொடங்கி ராக்கை இழப்பது, போட்டியை இழப்பது, தொடரிலிருந்தே வெளியேற்றப்படுவது வரை நடுவர் தண்டிக்கலாம். மேல்முறையீட்டுக் குழு இந்த விதியில் இருக்கும் சொல்லை எடுத்து, அது இல்லாத விதிக்குள் செருகியிருக்கிறது. அப்படியே இருக்கட்டும். நோக்கத்தை எதை வைத்துப் பார்ப்பது? மனசைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. நேரத்தைப் பார்க்கலாம், நின்ற இடத்தைப் பார்க்கலாம், ஒரு முறை சொன்ன பிறகும் அது தொடர்ந்ததா என்று பார்க்கலாம். இரண்டாம் ராக்கிலேயே அவரை உட்காரச் சொன்னதாக நடுவர் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நல்ல ஆட்டக்காரனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று குழு உறுப்பினர் ஒருவர் கேட்டதாகச் சங்கத்துக்குத் தெரியவருகிறது. பொருட்டுதான். ஒன்பதடி மேசையில் மூலைப் பாக்கெட்டின் வாய் நாலரை அங்குலத்தைவிடக் கொஞ்சம் கூட. பந்தின் விட்டம் இரண்டேகால். பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களின் கண்ணசைவை அளந்து 2002-ல் வெளியான ஆய்வு ஒன்று, அடிக்கும் முன் பார்வை கடைசியாக ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் நேரம் தேர்ந்தவர்களுக்கு அதிகம் என்றும், விழுந்த அடிகளில் அது விழாத அடிகளைவிட அதிகம் என்றும் கண்டது. அந்த ஒரு கணத்தைத்தான் பாக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர் திருடுகிறார். பறிகொடுத்தவரைப் பார்த்து மனவலிமை போதாது என்று சொல்வது அநியாயம்.

காசு வைத்து ஆடிய காலத்திலிருந்தே மனப்போர் இந்த ஆட்டத்தின் பகுதி என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வாதிட்டார்கள். அதைச் சங்கம் முற்றாக மறுக்கவில்லை. 1961-ல் வந்த ‘தி ஹஸ்லர்’ படத்தில் மின்னசோட்டா ஃபேட்ஸ் இரவெல்லாம் ஆடிய களைப்பில் எழுந்து போய் முகமும் கையும் கழுவி, கோட்டைப் போட்டுக்கொண்டு, அப்போதுதான் வந்தவர்போல மேசைக்குத் திரும்புவார். எதிரே தள்ளாடும் எடி அதைப் பார்த்தே பாதி தோற்றுவிடுவார். அது மனப்போர், அழகான மனப்போர். ஆனால் எடி குனிந்திருக்கும்போது ஃபேட்ஸ் அதைச் செய்யவில்லை.

மோஸ்கோனி கோப்பையைக் காட்டிச் சொல்லும் வாதமும் வந்தது. 1994 முதல் நடக்கும் அந்த ஐரோப்பா-அமெரிக்கா போட்டியில் கூட்டம் கத்தித் தீர்க்கும். உண்மை. அது கூட்டம். எதிராளி அல்ல.

மெதுவாக ஆடுவது குறித்துச் செயற்குழுவில் முழு ஒப்புதல் எட்டப்படவில்லை. 2005 உலக ஸ்னூக்கர் கால் இறுதியில் பீட்டர் எப்டன் வெறும் 12 புள்ளி எடுக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த ரோனி ஓ’சல்லிவன் 1997-ல் 147 புள்ளி முழு பிரேக்கையே ஏறத்தாழ அந்த நேரத்தில் முடித்தவர். எப்டன் 13-11 என்று வென்றார். அவர் விதியை மீறினார் என்று சங்கம் சொல்லவில்லை, சிலர் சொல்ல விரும்பினாலும். ஷாட் கிளாக் வைக்க வசதியுள்ள ஹால்களில் அதைப் பரிசீலிக்கலாம் என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறோம். செல்போன் அணைந்திருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் குறுக்கே போகாமல் காத்திருக்க வேண்டும்.

லீக்கிடம் சங்கம் கேட்பவை அதிகமில்லை. ஆடாதவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் முறை கவனம் கலைந்தால் நடுவர் எச்சரிக்கட்டும். அதே ஆட்டத்தில் இரண்டாம் முறை என்றால் நோக்கம் நிரூபணமானதாகவே கொண்டு பால் இன் ஹேண்ட் தரட்டும். மூன்றாம் முறை ராக் போகட்டும். முதல் முறையிலேயே ராக்கைப் பறிக்க வேண்டும் என்ற உறுப்பினர்களின் கருத்தும் இங்கே பதிவு செய்யப்படுகிறது. கியூவைக் கழற்றும் விதிக்கு எச்சரிக்கை கிடையாது, அது உள்ளபடியே அமலாக வேண்டும். இவை ஒவ்வொரு ஹாலிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சுவரில் இருக்க வேண்டும். 1880-களில் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்னூக்கரின் விதிகளை எழுதி மாட்டினார்கள். ஆடுகிறவர் கண்ணில் படும் இடத்தில் விதி இருக்க வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

லீக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்பில் தோற்றது. நாளைக்கும் இதே ஹால்களில், இதே ஆட்களோடு ஆட வேண்டியிருக்கிறது என்பதைப் பலரும் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் லீக்கின் நடுவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல் வரும் சங்க உறுப்பினர்கள். அரையிறுதித் தீர்ப்பு எழுத்தில் மறுபரிசீலனை செய்யப்படும் வரை அவர்களில் யாரும் இறுதிப் போட்டி உட்பட எந்த ஆட்டத்துக்கும் நடுவராக நிற்க மாட்டார்கள். இது லீக் செயலாளருக்குக் கடிதமாக அனுப்பப்பட்டுவிட்டது.