குருதியின் பாதையும் குருட்டுப் பெருமையும்

மீலாது மேடைகளில் சொற்பொழிவாளர் சிலர் தவறாது முழங்கும் வாசகம் ஒன்றுண்டு: "குருதி உடலெங்கும் சுற்றி வருவதைக் கண்டறிந்தவர் இப்னுந் நஃபீஸ்; ஹார்வி அதனைக் களவாடிக்கொண்டார்!" கைதட்டல் அரங்கை அதிரச் செய்கிறது. அவ்வொலியில் உண்மை நசுங்கிப் போவதைக் கவனிப்பார் யார்?

இறைவன் படைப்பில் இதயம், ஒட்டிப் பிறந்த இரு பம்புகளை ஒத்தது. வலப்பாதி, உடலெங்குமிருந்து திரும்பிவரும் கருஞ்சிவப்புக் குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே உயிர்வளி பெற்றுச் செந்நிறமுற்ற குருதியை இடப்பாதி ஏற்று உடலெங்கும் செலுத்துகிறது. ஓய்ந்திருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை இவ்வாறு இறைக்கிறது.

அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்றழைக்கும் கிரேக்க மருத்துவர் கேலன் இதை அறியவில்லை. இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே குருதி இடப்புறம் கசிகிறது என்றார் அவர். ஆயிரமாண்டு கடந்தும் மருத்துவ உலகம் அதனை நம்பிற்று. இப்னு சீனாவும் அவ்வழியே நின்றார்.

டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ், ஷாஃபியீ ஃபிக்ஹிலும் வல்லவர். இப்னு சீனாவின் உடற்கூற்றுப் பகுதிகளுக்கு 1242-இல் விரிவுரை எழுதியபோது, அந்தச் சுவர் கனமானது, அதில் துளையே இல்லை என்று மறுத்தார். குருதி நுரையீரலுக்குச் சென்று, காற்றுடன் கலந்து, பின்னரே இடப்புறம் வந்தாக வேண்டும் என்றார். இது மகத்தான கண்டுபிடிப்பு. ஆயினும் உடலெங்கும் பரவிய குருதி மீண்டும் இதயத்துக்கே திரும்புகிறது என்று அவர் கூறினாரல்லர்.

அதை 1628-இல் நிறுவியவர் ஹார்வி. அரைமணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் குருதி, உடலில் உள்ள மொத்தக் குருதியினும் மிகுதி. உண்ணும் உணவு அவ்வளவையும் ஆக்க இயலாது. எனவே அதே குருதிதான் சுற்றி வருகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அவருக்கும் தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்கள் தென்படவில்லை. 1661-இல் மால்பிகி உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு அவற்றைத் தவளையின் நுரையீரலில் கண்டார். அறிவு இப்படித்தான் கைமாறி வளர்கிறது.

"ஐரோப்பியர் நம்மவரை மறைத்தனரே!" என்பாரும் உளர். நுரையீரல் சுற்றோட்டத்துக்கு 1553-இல் எழுதிய செர்வீட்டஸையும் 1559-இல் எழுதிய கொலம்போவையும் மட்டுமே அவர்கள் நெடுங்காலம் கொண்டாடியது மெய்தான். ஆனால் இப்னுந் நஃபீஸின் எழுத்து அவர்களை எட்டிற்று என்பதற்கு ஐயமற்ற சான்றில்லை. பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியை எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி 1924-இல் வெளிச்சத்துக்குக் கொணரும்வரை, அவர் பெருமையை நாமாவது பேசினோமா?

மேடைப் பொய்யால் கெடுவது யார்? நம் பிள்ளைதான். கல்லூரியில் ஹார்வியின் கணக்கைக் கற்கும் நாளில், தான் கேட்டது பொய்யென அவன் உணர்வான். பின்னர் இப்னுந் நஃபீஸ் மெய்யாகவே கண்டதையும் நம்ப மறுப்பான். மிகைப்படுத்திய நாவே உண்மைப் பெருமைக்கும் குழி தோண்டிவிடும்.

தாம் போற்றிய இப்னு சீனாவையே ஆராய்ந்து மறுத்தவர் அப்பெருமகனார். 1288-இல் மறையுமுன் தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு எழுதிவைத்தார். நூல்களை விட்டுச் சென்றவருக்கு நாம் கைதட்டலை மட்டுமே திருப்பித் தருவதா?