மனந்திரும்புதலுக்கு நாற்பது ஆண்டுகள்

கிறிஸ்தவ சபைகள் பலவற்றிலே சாட்சி சொல்லும் வழக்கம் ஒன்றுண்டு. குடியிலும் சூதிலும் உழன்ற ஒருவர் சபை நடுவே எழுந்து நின்று, இன்ன நாளில் ஆண்டவர் தம்மைத் தொட்டார் என்றும், அன்றோடு தமது பழைய வாழ்வு முடிந்தது என்றும் கூறுவார். இத்தகைய சாட்சிகளை நான் ஏளனஞ் செய்பவனல்லன். கசிப்பை விட்டொழித்த ஒரு குடும்பத் தலைவனின் மாற்றம் எவ்வளவு பெறுமதியானது என்பதை அவனது மனைவியும் பிள்ளைகளும் அறிவார்கள். ஆயினும், பாவத்தை வெல்வது ஒரே நாளில் முடிந்துவிடும் அலுவல் என்ற எண்ணத்தையும் இச்சாட்சிகள் வளர்த்துவிடுகின்றன. அது ஆபத்தான எண்ணம் என்பது எனது கருத்து.

'அமேசிங் கிரேஸ்' என்ற உலகறிந்த பாடலை எழுதிய ஜோன் நியூட்டனின் வாழ்வை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். பிரசங்கிமார் அடிக்கடி எடுத்தாளும் கதை இது: அடிமை வியாபாரி ஒருவர் நடுக்கடலிலே புயலில் அகப்பட்டார், கடவுளை நோக்கிக் கதறினார், தப்பினார், அத்தொழிலைக் கைவிட்டுப் பாடலை எழுதினார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

நியூட்டன் 1725 இல் இலண்டனில் பிறந்தவர். ஏழு வயது நிறையுமுன் தாயை இழந்தார். பதினொரு வயதிலே தந்தையுடன் கடலுக்குச் சென்றார். கடற்படையிலிருந்து தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பட்டார். பின்னர் மேற்கு ஆபிரிக்கக் கரையில் அடிமை வியாபாரி ஒருவரிடம் பட்டினியும் நோயுமாகக் கிடந்தார். அங்கிருந்து மீட்கப்பட்டு 'கிரேஹவுண்ட்' என்னும் கப்பலிலே நாடு திரும்புகையில், 1748 மார்ச் 10 ஆம் திகதி அத்திலாந்திக் கடலில் பெரும் புயல் அடித்தது. அன்றுதான் அவர் கடவுளிடம் இரக்கம் வேண்டினார். அந்த நாளை வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார். கடவுளைப் பழிக்கும் பேச்சையும் அன்றோடு விட்டார். இவை யாவும் உண்மையே.

ஆனால், அதே 1748 இலேயே அவர் அடிமைக் கப்பல் ஒன்றில் அதிகாரியாகப் புறப்பட்டார். 1750 இலிருந்து 1754 வரை அடிமைக் கப்பல்களின் கப்டனாக மூன்று பயணங்களை நடத்தினார். கீழ்த்தட்டிலே மனிதர்கள் சங்கிலியாற் பிணைக்கப்பட்டுக் கிடக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடும் நடத்தினார். விலங்கும் பூட்டுமான அத்தொழிலில் அவருக்கு அருவருப்பு இல்லாமலில்லை. ஆயினும், தெய்வ சித்தம் தமக்கு ஒதுக்கித் தந்த உத்தியோகம் அதுவென்றே எண்ணியிருந்தார். 1754 இல் அவர் கடலை விட்டதற்குத் திடீரென ஏற்பட்ட நோயே காரணம், மனச்சாட்சியன்று. 1764 இல் குருவானவராக அபிஷேகம் பெற்றார். 1773 ஆம் ஆண்டுப் புத்தாண்டு ஆராதனைக்காக அப்பாடலை எழுதினார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் பகிரங்கமாக எழுதியது 1788 இலேதான். புயலுக்கும் அந்தப் பிரசுரத்துக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்!

அக்காலத்து மனிதர் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சிலர் சமாதானம் கூறுவர். அது பொருந்தாது. பென்சில்வேனியாவிலே குவேக்கர் சபையினர் சிலர் 1688 இலேயே அடிமைமுறையை எதிர்த்து மனு எழுதிவிட்டனர். ஜோன் வெஸ்லி 1774 இல் அதனைக் கண்டித்து நூல் வெளியிட்டார். கண்டவர்கள் இருந்தார்கள், நியூட்டன் காணவில்லை. காரணம் எளியது. குடியும் தூஷணமும் பாவமென்பதை அவரது சமூகம் அவருக்குச் சொல்லியிருந்தது. அடிமை வியாபாரமோ கௌரவமான தொழிலாக மதிக்கப்பட்டது. சமூகம் வெட்கப்படும் பாவத்தை விடுவது கடினம்தான். சமூகம் மெச்சும் பாவத்தைப் பாவமென்று காண்பது அதனிலும் கடினம்.

அப்படியானால் அவரது விசுவாசம் போலியானதா? நான் அவ்வாறு கருதவில்லை. மெதுவாக வேலை செய்த விசுவாசம் அது. 1788 இல் அவர் எழுதியபோது பிறரை மட்டும் குற்றஞ்சாட்டவில்லை. இக்கொடுமையில் தாமும் கை நனைத்தவர் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிரசுரம் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டது. மன்னரின் ஆலோசனைச் சபை முன்னிலையிலும் பின்னர் பாராளுமன்றக் குழுவின் முன்னிலையிலும் கண்ணாற் கண்டவராகச் சாட்சியமளித்தார். அரசியலை விட்டுவிடலாமா என்று தடுமாறி 1785 இல் தம்மிடம் வந்த வில்லியம் வில்பர்போர்ஸைப் பாராளுமன்றத்திலேயே நின்று பணியாற்றும்படி தேற்றியவரும் இவரே. 1807 மார்ச்சில் அடிமை வியாபாரத் தடைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரிலே நியூட்டன் காலமானார்.

அறுபது வயதைக் கடந்த, ஊர் மதிக்கும் குருவானவர் ஒருவர் தமது அவமானத்தைத் தாமே அச்சேற்றுவதற்குத் துணிவு எங்கிருந்து வந்தது? விசுவாசத்திலிருந்தே வந்தது என்பேன். மன்னிப்பு உண்டென்று நம்பாதவன் தன்னை நியாயப்படுத்தியே காலங் கழிக்க வேண்டும். மன்னிப்பு உண்டென்று நம்புபவன்தான் தன் குற்றத்தை நேருக்கு நேர் பார்க்க இயலும். விசுவாசம் பாவத்தை வெல்லும் வழி இதுவே. எனினும், அந்த மூன்று பயணங்களிலே கொண்டு செல்லப்பட்ட மனிதர்களுக்கு அவரது பிரசுரம் எதனையும் மீட்டுக் கொடுக்கவில்லை. தாமதத்தின் விலையை மற்றவர்களே கொடுத்தார்கள்.

சகேயு என்னும் ஆயக்காரனின் கதையை லூக்கா எழுதிய சுவிசேஷத்திலே காண்கிறோம். தன் ஆஸ்தியிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் அவன் சொன்ன பின்னரே, அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார். அவனது மனந்திரும்புதலுக்குக் கணக்கும் தொகையும் இருந்தன.

எமது சபைகளிலே குடியை விட்ட சாட்சிகளுக்குக் குறைவில்லை. சீதனமாக வாங்கிய காணியைத் திருப்பிக் கொடுத்ததாகவோ, சாதி பார்த்து மகளின் திருமணத்தைத் தடுத்தது பாவமென்று உணர்ந்ததாகவோ, கூலியாளுக்குக் குறைத்துக் கொடுத்ததை எண்ணிக் கொடுத்ததாகவோ ஒரு சாட்சியையேனும் நான் கேட்டதில்லை. குடியை விட்டவர் நன்றி செலுத்தட்டும், அது தகும். அதன் பின்னர், ஊர் தன்னை மெச்சுகின்ற காரியங்களிலே எது யாருடைய கண்ணீரில் நிற்கிறது என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். நியூட்டனுக்கு அக்கேள்வி வந்துசேர நாற்பது ஆண்டுகள் எடுத்தன. அவ்வளவு காலம் காத்திருக்க எமக்கு நியாயமில்லை.