கடலில் ஒரு குப்பைத் தீவாமே!



நான் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். எங்கள் வம்சத்திலேயே பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். ஆகவே படிப்பின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் தங்கை, ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, "அண்ணா, பசிபிக் கடல்ல குப்பையாலயே ஒரு தீவு இருக்காம். அதுமேல நடக்கக்கூட செய்யலாமாம்!" என்றாள். பிறகு, கிழிந்த வலையைச் சரிபார்த்துக் கொண்டிருந்த அப்பாவிடம் திரும்பி, "ஏம்பா, அறுந்த வலையை நீயும் கடல்லதானே போடுற? உன்ன மாதிரி ஆளுங்களாலதான் கடலே நாசமாப் போச்சாம்" என்று கேட்டுவிட்டாள். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று அவள் கற்று வந்தது இரண்டு. ஒன்று தவறு. மற்றொன்று பாதி உண்மை.

தீவு என்பது தவறு. கலிபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே 1997-ல் சார்லஸ் மூர் என்ற மாலுமி கண்டது, மிதக்கும் பிளாஸ்டிக் துணுக்குகள் நிறைந்த கடற்பரப்பு. 2018-ல் வெளிவந்த ஆய்வின்படி அதன் பரப்பு 16 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது நம் தமிழ்நாட்டைப் போலப் பன்னிரண்டு மடங்கு! ஆனால் அங்கே யாரும் நடக்க முடியாது. வெயிலில் நொறுங்கிய துணுக்குகள், நீரில் தூவிய உப்பைப் போலப் பரவிக் கிடக்கின்றன.

வலை பற்றியது பாதி உண்மை. அங்குள்ள சுமார் 79,000 டன் குப்பையில், எடைப்படி 46 சதவீதம் மீன்பிடி வலைகளே. ஆனால் அவை பெரும்பாலும் பசிபிக் பகுதியில் பெரிய கப்பல்களை வைத்து மீன் பிடிக்கும் நாடுகளுடையவை. எங்கப்பா வலை அவ்வளவு தூரம் போகாது. அதற்காக அவர் செய்வது சரியாகிவிடுமா? ஆகாது!

மறுநாள் ஒரு வாளியில் கடல் தண்ணீர் எடுத்தேன். பாலிஎத்திலீன் கயிற்றுத் துண்டு ஒன்று, நைலான் வலைத் துண்டு ஒன்று போட்டேன். கயிறு மிதந்தது, நைலான் மூழ்கியது. அடர்த்திதான் காரணம். தண்ணீரைக் கையால் சுழற்றிவிட்டதும் கயிறு நடுவுக்கு வந்தது. "மிதக்கிறது நீரோட்டத்துல சுத்திச் சுத்தி இப்படித்தான் சேருது. மூழ்கினது நம்ம கடல்லயே கிடந்து, ஆள் இல்லாமலே மீனையும் நண்டையும் பிடிச்சு சாகடிக்கும்" என்றேன். தங்கை வாய் பிளந்து பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வந்து எட்டிப் பார்த்தார். "எனக்குப் போகிற மீனுதான் அதுல சாவுது, தெரியுதுடா. கரைக்குக் கொண்டாந்தா எங்க போடறது? எரிச்சா ஊரே நாறுது" என்றார்.

நண்பர்களே! இந்தக் கேள்விக்குத் தங்கையின் பாடத்தில் விடை உண்டா? ஒரே முறை பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களை 2019 முதல் நம் மாநிலத்தில் தடை செய்தார்கள். மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். நல்லதுதான். ஆனால் கிழிந்த வலையை எடைக்கு வாங்கிக்கொள்ள எங்கள் குப்பத்தில் ஓர் இடம் இல்லையே!

குழந்தைகளுக்குக் கடல் மாசு பற்றிக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். பயமுறுத்தும் படத்தைக் காட்டி அல்ல, ஒரு வாளித் தண்ணீரை வைத்து! படிக்காத தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி அல்ல, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து! பெற்றவரைத் தலைகுனிய வைக்கும் படிப்பு கடலைக் காப்பாற்றுமா? சிந்திப்பீர்!

வலையைக் கரை சேர்ப்போம்! கடலைக் காப்போம்!