கையெழுத்துக்கு முன்னால் நாலு குட்டிச் சொற்கள்

வடமாலபேட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வதில்லை. டிக்கெட், பார்சல், அட்வான்ஸ், ஓவர்டைம், லீவு, பி.எப். எல்லாம் நம் வீட்டுப் பெண்களின் வாயிலும் அன்றாடம் புழங்கும் சொற்களே. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தூரும் நம் ஊரும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. (அந்த வழக்கை இங்கே கிளற வேண்டாம்.) வீட்டில் தமிழ், மண்டல ஆபீஸில் தெலுங்கு, கையெழுத்துப் போடும் காகிதத்தில் இங்கிலீஷ். நம் பிழைப்பு இப்படித்தான் நடக்கிறது.

நம்மைக் கவிழ்ப்பவை பெரிய சொற்கள் அல்ல, அவற்றை ஒட்டி நிற்கும் குட்டிச் சொற்கள். கூலி வவுச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரிசீவ்ட்’ என்றால் பணம் வாங்கியாயிற்று. ‘டு பி பெய்ட்’ என்றால் இனிமேல்தான் கொடுக்க வேண்டும். தொகை ஒன்றுதான், ஆனால் முதல் காகிதத்தில் பாக்கி தீர்ந்துவிட்டது, இரண்டாவதில் நிற்கிறது. ‘அப் டு 500’ என்று எழுதிய காண்டிராக்டர் 200 கொடுத்தாலும் சொல் தவறியவர் ஆகமாட்டார். ‘நாட் லெஸ் தேன் 500’ என்று எழுதியிருந்தால் 499 கொடுக்கவும் அவருக்கு வழியில்லை. நம்மவர்கள் 500 என்ற எண்ணைப் பார்த்ததுமே பெருவிரலை மையில் வைத்துவிடுகிறார்கள்.

சட்டமும் இப்படிப்பட்ட சொற்களில்தான் நடக்கிறது. 1979-இல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம், போட்டோ ஒட்டிய பாஸ்புக் ஒன்றைக் காண்டிராக்டர் தர வேண்டும் என்றது. அது இந்தி, இங்கிலீஷோடு தொழிலாளியின் சொந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. தமிழில் எழுதிய அந்தப் பாஸ்புக்கை நம்மில் எத்தனை பேர் கண்ணால் கண்டோம்? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைக்குத் தாய்மொழியில் பாடம் என்கிறது. ஆனால் கூடவே ‘இயன்றவரை’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறது. ஆந்திர அரசு 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 6 வரை இங்கிலீஷ் வழி என்று ஆணை போட்டது. 2020 ஏப்ரலில் ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. இந்த மாதிரி வழக்குகளில் வக்கீல்கள் மோதிக்கொள்வது அந்த ‘இயன்றவரை’யின் மேல்தான்.

பாடம் தாய்மொழியில் நடக்கட்டும், இங்கிலீஷை ஒரு பாடமாக ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கட்டும் என்பதே நம் கட்சி. இப்போது ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை. 12 காலங்களையும் அட்டவணை போட்டு ஒப்பிக்கும் பிள்ளைக்கு அப்பாவின் லீவு லெட்டர் எழுத வரவில்லை. தமிழைக் காட்டியே இங்கிலீஷைப் புரியவைக்கலாம் என்று வாத்தியார்களுக்குத் தோன்றுவதும் இல்லை. ‘புத்தூரிலிருந்து’, ‘சென்னைக்கு’ என்று நாம் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம். இங்கிலீஷ்காரன் ‘ஃபிரம்’, ‘டு’ என்று அதையே முன்னால் வைக்கிறான். இவ்வளவுதான் விஷயம். இது புரியாததால் ரிசர்வேஷன் பாரத்தில் ஊரை மாற்றி எழுதி, போக வேண்டிய டிக்கெட்டுக்கு வர வேண்டிய டிக்கெட்டை வாங்கிச் செல்பவர்களை ரயில்வேயில் இருக்கும் நாம் கவுண்டரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதேபோல ‘வாங்கினேன்’, ‘வாங்குவேன்’ என்பதன் வித்தியாசம் எந்தப் பாட்டிக்கும் தெரியும். அது தெரிந்தவருக்கு ‘ரிசீவ்ட்’ அரை மணி நேரப் பாடம்.

ஆகவே சங்கத்தில் ஞாயிறு மாலை வகுப்பு நடத்தலாம் என்கிறோம். கைடு புத்தகம் வேண்டாம். கூலிச் சீட்டு, பாங்க் செல்லான், ஆஸ்பத்திரிச் சீட்டு, ரயில் டிக்கெட் என்று வீட்டில் கிடக்கும் காகிதங்களை ஒவ்வொருவரும் கொண்டு வந்தால் போதும். பெண்கள் முன் வரிசையில் உட்காரட்டும், பாங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைபவர்கள் அவர்கள்தான். எழுத்தே தெரியாதவர்களுக்கு முதல் இரண்டு வாரம் பெரிய எழுத்துகள் 26 மட்டும். பாரங்களில் பெயரையும் ஊரையும் அந்த எழுத்தில்தான் கேட்கிறார்கள்.