89 சதவீத ஆதரவு இருந்தும் புஷ் மண்ணைக் கவ்வியது ஏன்?

விலைவாசி ஏறினால் ஜனாதிபதி இறங்குவார். அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் கண்டுகொள்வதில்லை.

1984-ல் ரீகன் மறுபடி தேர்தலில் நின்றபோது அங்கே வேலையில்லாதவர்கள் 7 சதவீதத்துக்கு மேல். 1992-ல் ஜார்ஜ் புஷ் (தகப்பனார் புஷ்) மறுபடி நின்றபோதும் 7 சதவீதத்துக்கு மேல்தான். ரீகன் 50 மாநிலங்களில் 49-ஐ அள்ளினார். புஷ்ஷோ நூற்றுக்கு 37 ஓட்டு வாங்கி வீட்டுக்குப் போனார். இது எப்படி?

இறங்கிய காய்ச்சல்

1982 கடைசியில் வேலையில்லாத் திண்டாட்டம் 10.8 சதவீதம். ரீகன் கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். இரண்டே வருஷத்தில் அது 7-க்குப் பக்கத்தில் வந்தது. கார்ட்டர் காலத்தில் 13 சதவீதத்தைத் தாண்டிய விலை உயர்வும் 4 சதவீத அளவுக்கு அடங்கியது. காய்ச்சல் இறங்குகிறது என்றால் வைத்தியர் மேல் நம்பிக்கை வரத்தானே செய்யும்?

புஷ் விஷயத்தில் தலைகீழ். அவர் 1989-ல் பதவி ஏற்றபோது 5.4 சதவீதம். 1992 ஜூனில் 7.8. ஏறுகிற காய்ச்சல்!

வரியால் வந்த வினை

ஆனால் புஷ்ஷைக் கவிழ்த்தது காய்ச்சல் மட்டும் அல்ல. வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தது.

புது வரி போடவே மாட்டேன் என்று 1988 கட்சி மாநாட்டு மேடையில் அடித்துச் சொன்னவர் அவர். 1990-ல் எதிர்க்கட்சியோடு சமரசம் பேசி வரியை உயர்த்தினார். கஜானாவுக்கு அது நல்ல காரியமாகவே இருக்கலாம். ஆனால் சொந்தக் கட்சிக்காரனுக்கு அது பச்சைத் துரோகம்.

1991-ல் குவைத் யுத்தம் ஜெயித்ததும் கேலப் கணிப்பில் அவருக்கு 89 சதவீத ஆதரவு. எதிர்க்கட்சியின் பெரிய தலைகள் பல பயந்துபோய்ப் போட்டிக்கே வரவில்லை. ஆனால் சொந்தக் கட்சியிலிருந்தே புக்கானன் கோதாவில் குதித்தார். 1992 பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக 37 சதவீத ஓட்டு வாங்கிக் காட்டினார். அவரைச் சமாதானப்படுத்த ஹூஸ்டன் மாநாட்டில் முக்கியமான நேரத்தில் பேச விட்டார்கள். மனுஷன் நெருப்பைக் கக்கினார். நடுநிலை வாக்காளர்கள் முகம் சுளித்தார்கள்.

இது புஷ் ஒருவர் கதை இல்லை. 1976-ல் ஃபோர்டை எதிர்த்து ரீகன் நின்றார், ஃபோர்டு தோற்றார். 1980-ல் கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி நின்றார். கார்ட்டருக்குக் கிடைத்தது ஆறே மாநிலம், தலைநகரம் தனி. 1984-ல் ரீகனை எதிர்த்துக் குடியரசுக் கட்சியில் பெயர் சொல்லும்படி ஒருவரும் நிற்கவில்லை.

கிளிண்டன் பிடித்த நடு ரோடு

எதிர்ப்பக்கம் கிளிண்டன் தன் கட்சியை நடு ரோட்டுக்கு ஓட்டி வந்தார். உதவித் தொகை முறையை மாற்றுவேன் என்றார். குற்றவாளிகளிடம் தன் கட்சி இளகிய மனது காட்டுகிறது என்ற பேச்சை உடைக்க, 1992 ஜனவரியில் பிரசாரத்தை நிறுத்திவிட்டு ஆர்கன்சாசுக்குத் திரும்பினார். அங்கே ஒரு கொலைக் கைதிக்கு மரண தண்டனை நிறைவேறியது. கவர்னர் தடுக்கவில்லை. ஈவிரக்கமில்லாத கணக்கு. ஆனாலும் பலித்தது. மூன்றாவது ஆளாக வந்த பணக்காரர் பெரோ 19 சதவீதத்தைக் கொத்திக்கொண்டு போனார்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. பொருளாதார மந்தம் 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று அதைக் கணிக்கும் நிபுணர் குழு அறிவித்தது. எப்போது? 1992 டிசம்பர் 22-ந் தேதி! தேர்தல் முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

1996-ல் கிளிண்டன் முறை. வேலையில்லாதவர்கள் 5½ சதவீதத்துக்குள். உதவித் தொகையைக் குறைக்கும் மசோதாவில் ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டார். கட்சியில் இடதுசாரிகள் முணுமுணுத்தார்கள். ஆனால் பெரிய தலை எதுவும் எதிர்த்து நிற்கவில்லை. ரூஸ்வெல்ட்டுக்குப் பிறகு மறுதேர்தலில் ஜெயித்து இரண்டாவது முழுத் தவணை பெற்ற முதல் ஜனநாயகக் கட்சிக்காரர் அவர்தான்.