எக்செலில் தேதியாக மாறும் ஜீன்கள்: நோய் எதிர்ப்பு ஆய்வுக்கு ஏன் வேண்டும் பொது டேட்டா குழு?

மார்ச்1 என்று ஒரு ஜீன் இருந்தது. நோய் எதிர்ப்பு செல்கள், தாங்கள் பிடித்த கிருமியின் துண்டை மற்ற செல்களுக்கு எடுத்துக்காட்டுவதைக் கட்டுப்படுத்துவதில் இதற்குப் பங்கு உண்டு. இந்தப் பெயரை ஆங்கிலத்தில் எக்செலில் டைப் செய்தால் என்ன ஆகும்? 'மார்ச் மாதம் 1-ம் தேதி' என்று எக்செல் மாற்றிவிடும்.

சிரிப்பு வரலாம். ஆனால், எக்செல் ஜீன் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழைகள் இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில், சாஃப்ட்வேர் மாறுவதற்கு முன்பே ஜீன்கள் பெயரை மாற்றிக்கொண்டன. மார்ச்1 இப்போது 'மார்ச்எஃப்1'.

இதை விஞ்ஞானிகளின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. டேட்டாவைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் இல்லாததன் விளைவு இது.

டேட்டா அவ்ளோ பெருசா?

முன்பெல்லாம் ஒருவருக்கு எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்று அளந்தால், கிடைப்பது ஒரே ஓர் எண். இன்று ஒரு ரத்த மாதிரியில் 10,000 செல்களைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் சுமார் 20,000 ஜீன்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கிறார்கள். பெருக்கினால் 20 கோடி கட்டங்கள் கொண்ட அட்டவணை. 50 பேரிடம் மாதிரி எடுத்தால் 1,000 கோடி. இதோடு வயது, தடுப்பூசி போட்ட தேதி, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் சரியாக இணைக்க வேண்டும்.

யார் செய்வது? பெரும்பாலும் யூடியூப் பார்த்து பைத்தான் கற்றுக்கொண்ட ஒரு பிஎச்டி மாணவர். அவர் படிப்பை முடித்துக் கிளம்பிவிட்டால், 'ஃபைனல்_வி3_புதுசு' என்ற ஃபைலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பொது ஆதரவுன்னா என்ன?

ஒவ்வொரு டாக்டரும் தனியாக ஸ்கேன் மெஷின் வாங்குவதில்லை. மருத்துவமனைக்கு ஒரு ஸ்கேன் பிரிவு போதும். அதே கணக்குதான். பல ஆய்வகங்களுக்குச் சேர்த்து பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் தெரிந்தவர்கள், புள்ளியியலாளர், டேட்டா மேலாளர் கொண்ட ஒரு குழு.

அமெரிக்காவில் ஒவ்வாமை மற்றும் தொற்றுநோய்களுக்கான தேசிய நிறுவனம் நிதி தரும் 'இம்போர்ட்' தளம் இதற்கு நல்ல உதாரணம். நோய் எதிர்ப்பு ஆய்வுகளின் டேட்டா, பொதுவான ஒரு வடிவத்தில் அங்கே சேர்கிறது. வெவ்வேறு ஆய்வுகளில் பங்கேற்ற ஆரோக்கியமானவர்களின் விவரங்களை அங்கிருந்து திரட்டி, 10,000-க்கும் மேற்பட்டோர் கொண்ட ஒப்பீட்டுத் தொகுப்பை 2018-ல் உருவாக்கினார்கள். இதற்கென்று யாரிடமும் புதிதாக ஊசி குத்தி ரத்தம் எடுக்கவில்லை.

இந்தியாவில் என்ன நிலை?

ஃபரிதாபாத்தில் 2022 நவம்பரில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. சுமார் 4 பெட்டாபைட் சேமிப்பு வசதி கொண்டது. 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் திரட்டப்பட்ட 10,000 பேரின் மரபணு டேட்டாவும் அங்கேதான் இருக்கிறது. நல்ல தொடக்கம்.

ஆனால், சேமிப்பு என்பது கடைசிப் படி. சிக்கல் முதல் படியிலேயே தொடங்கிவிடுகிறது. நோயாளிகளின் மாதிரிகளைத் திங்கட்கிழமையும், ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளை வியாழக்கிழமையும் பரிசோதித்தால், தெரிகிற வித்தியாசம் நோயால் வந்ததா, நாளால் வந்ததா? பின்னால் எந்த சூப்பர் கம்ப்யூட்டராலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் மீட்டிங்கிலேயே டேட்டா தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால், ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருப்பார். ஆகவே, சர்வர் வாங்குவதற்குக் காட்டும் அக்கறையை ஆள் சேர்ப்பதிலும் காட்ட வேண்டும்.

எதிர்ப்பு வராதா?

வரும். 'நான் கஷ்டப்பட்டு எடுத்த டேட்டாவை வேறொருவர் பயன்படுத்தி முந்திக்கொண்டால்?' என்ற பயம் நியாயமானதே. குறிப்பிட்ட காலம் வரை வெளியிடாமல் வைக்கலாம். பயன்படுத்துபவர், டேட்டா எடுத்தவர் பெயரைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று விதி வைக்கலாம்.

அடுத்தது தனியுரிமை. பெயரை நீக்கினாலும் மரபணுவை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. எனவே, எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லவில்லை. விண்ணப்பித்து, அனுமதி பெற்றுப் பார்க்கும் முறை வேண்டும். யாரோ ஒருவரின் பென் டிரைவில் கிடப்பதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பானது.

மூன்றாவது, பெரிய ஆய்வகங்களே குழுவின் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்ற கவலை. சிறிய கல்லூரிகளுக்கு என்று ஒரு பங்கு நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவதுதான் வழி.

காசுக்கு எங்கே போவது?

ஆய்வு நிதியில் கருவிக்கும் ரசாயனத்துக்கும் இருப்பதுபோல டேட்டாவுக்கும் ஒரு வரி வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், நிதி கேட்கும்போதே டேட்டா திட்டத்தையும் கொடுக்கச் சொல்லி 2023 ஜனவரியில் விதி கொண்டுவந்தது. அதற்கான செலவையும் பட்ஜெட்டில் சேர்க்கலாம். இந்தியாவில் நிதி தரும் அமைப்புகளும் இதைக் கட்டாயமாக்க வேண்டும். முக்கியமாக, இந்த வேலைக்கு நிரந்தரப் பதவியும் பதவி உயர்வும் வேண்டும். வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலை என்றால், கோடிங் தெரிந்த இளைஞர் ஐடி கம்பெனிக்குப் போகத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தடுப்பூசி போட்ட 7-வது நாளில் எடுத்த ரத்தத்தை இரண்டு வருடம் கழித்து மறுபடி எடுக்க முடியாது. அதைக் கொடுத்தவர், தனக்கு உடனடிப் பலன் இல்லை என்று தெரிந்தே கையை நீட்டியவர். அந்த ரத்தத்திலிருந்து கிடைத்த டேட்டா, பெயர் தெரியாத ஒரு ஃபைலாக முடிந்துபோகக் கூடாது.