தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பிள்ளை பிறந்த 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தைப் பொருத்தும் வசதியும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. வீடு திரும்பிய பிறகுதான் பெண்ணுக்குத் துணை இல்லாமல் போகிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு போகிறாள். கர்ப்பத்தைப் பதிந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஓர் ஊரில், பிரசவத்துக்குப் பின் பார்ப்பவர் வேறோர் ஊரில். பால் கொடுப்பவள் ஆறாவது வாரத்தில் 'அந்தரா' கருத்தடை ஊசி போட்டுக்கொண்டால், மூன்று மாதம் கழித்துப் போடவேண்டிய அடுத்த ஊசி ஐந்தாம் மாதத்தில் வருகிறது. அவள் பெட்டி கட்டும் நேரம் அது. இடையில் உதிரப்போக்கு தாறுமாறானால் பயந்துபோய் விட்டுவிடுகிறாள். அது இந்த ஊசியில் வழக்கம்தான் என்று சொல்ல ஆளில்லை.

"பால் குடிக்கிற வரைக்கும் கரு தங்காது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், ஆறு மாதம் வரை அது பெருமளவு காக்கும். பசும்பாலோ கஞ்சியோ தொடங்கிவிட்டால் நம்ப முடியாது. மாதவிலக்கு வருவதற்கு முன்பேகூடக் கரு தங்கலாம். அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது இடைவெளி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

புதிதாகத் திட்டம் எதுவும் வேண்டாம். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளுக்குத் தாய்மார்கள் புதன்கிழமைகளில் எப்படியும் வருகிறார்கள். ஊசி போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறோமே, அப்போது தாயைத் தனியாக அழைத்து, மாமியார் காதில் விழாமல் கேட்கலாம்: வலி இருக்கிறதா, உதிரம் அதிகமா, இந்தக் கருத்தடை முறை பிடிக்கவில்லையா? பிள்ளையின் தடுப்பூசி அட்டையிலேயே தாய்க்கும் ஒரு பத்தி ஒதுக்கினால், எந்த ஊர்ச் செவிலியரும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காப்பர்-டியை எடுக்கச் சொன்னால் மறுபேச்சின்றி எடுக்கவேண்டும். பிரசவ வலியின் நடுவே வாங்கிய சம்மதத்தைக் காட்டி மறுப்பது அநியாயம்.

அந்தப் புதன்கிழமை கணவரையும் வரச் சொல்லுங்கள். அதே கணக்கெடுப்பில் பெண்களின் கருத்தடை அறுவைசிகிச்சை 57.8 சதவீதம், ஆண்களுடையது 0.1.